கண்ணை மூடிப் போட்ட தாளம்

திருநகர், மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள ரம்யாவின் அப்பாவுக்கு,

ஹம்சவேணி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். மெசேஜ் போட்டால் பாதி படிக்கும்போதே கூப்பிட்டுவிடுவீர்கள். முழுக்கப் படிக்க வேண்டும் என்றுதான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

ரம்யாஸ்ரீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள், சாப்பாடு மட்டும் பிடிக்கவில்லையாம். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. பிளம்பர் 'நாளைக்கு வாரேன்' என்று சொல்லிப் போனவன், அவனுடைய நாளை இன்னும் விடியவில்லை. சூரத்தில் உங்கள் சாயப்பட்டறைப் புகைக்கு நடுவே உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

நான் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் 'சரி, சரி' என்று வைத்துவிடுகிறேன் என்று ரம்யாவிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். பாட்டு வகுப்பு வந்ததும் புருஷன் நினைப்புப் போய்விட்டது என்றீர்களாம். அவள் அதை எனக்கு எழுதி அனுப்பி, கூடவே ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். தாமரைச்செல்வி டீச்சர் தன் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு காலையில் நடத்துகிறார். பாட வேண்டியதில்லை, தியரி, அதாவது பாட்டின் கணக்கு மட்டும். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம். முதல் நிலையில் சுரங்களும் தாளங்களும். இரண்டாம் நிலையில் எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்தை வைத்து ராகத்தின் எண்ணைப் பிடிக்கலாம், எண்ணை வைத்து அதில் வரும் சுரங்களைப் பிடிக்கலாம். ஒரு ராகத்தைக்கூடக் கேட்க வேண்டாம்! எனக்கு அது கரும்பாக இனித்தது. பக்கத்தில் உட்காரும் ஜெயினம்பு, தெற்குவாசல் பாத்திரக்கடைக்காரர் வீட்டம்மா, 'இம்புட்டையும் எப்படிக்கா மண்டைக்குள்ள வச்சிருக்கீங்க' என்று வாய் பிளப்பாள்.

டீச்சர் சுரம் பாட, நாங்கள் கேட்டு எழுதும் பயிற்சியும் உண்டு. என் தாளில் ஒரே ஒரு தப்புதான் வரும். 'ம' வர வேண்டிய இடத்தில் 'ப' இருக்கும், 'ப' வர வேண்டிய இடத்தில் 'ம'. 'எல்லாரும் சறுக்குற இடத்துல நீங்க சறுக்கல, இதுல மட்டும் எப்படிக்கா' என்று டீச்சர் கேட்பார். மழுப்பிவிடுவேன்.

போன மாதம் எங்கள் குழு மூன்றாம் நிலைக்கு ஏறியது. முதல் நாளே டீச்சர், 'இனிமே அடுத்தவங்க கையப் பாக்கக் கூடாது, கண்ண மூடிக்கிட்டுத் தாளம் போடுங்க' என்றார். பாடத் தொடங்கினார். நானும் கண்ணை மூடி ஆதி தாளம் போட்டேன். தட்டு, விரல், வீச்சு எல்லாம் ஒழுங்காக வந்தது. பரவாயில்லையே என்று மனசுக்குள் பெருமை வேறு. யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால் ஜெயினம்பு. எல்லார் கையும் மடியில் இருந்தது. எங்களைச் சோதிக்க டீச்சர் பாட்டைப் பாதியில் நிறுத்தி எவ்வளவோ நேரம் ஆகியிருக்கிறது. நான் மட்டும் இல்லாத பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

ஆமாம், எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வருடமாகவே. வலது காது முடிந்தது. இடதில் மெஷின் வைத்தால் கொஞ்ச காலம் ஓடும், பிறகு அதுவும் போய்விடும் என்று டாக்டர் எழுதியே காட்டினார். வகுப்பில் நான் கேட்டு எழுதவில்லை; டீச்சரின் உதட்டைப் பார்த்து எழுதினேன். 'ம'வுக்கும் 'ப'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. போனில் உங்கள் குரல் வெறும் இரைச்சல். வீடியோவில் உதட்டை மறைத்துக்கொண்டு உங்கள் மீசைதான் தெரிகிறது. உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று நினைத்தேன்.

அலுப்பாக இருக்கிறது. காய்க்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், எல்லாரிடமும் பாதியைப் பார்த்து மீதியை ஊகித்து, சாயங்காலத்துக்குள் தலை பாறாங்கல்லாகிவிடுகிறது. விளக்கு வைத்ததும் படுத்துவிடுகிறேன்.

வகுப்பை விடவில்லை. ஜெயினம்பு இப்போது எனக்கு நேர் எதிரே உட்கார்கிறாள். 'நான் நிறுத்துனா நீங்களும் நிறுத்துங்கக்கா, அம்புட்டுத்தான்' என்றாள். டீச்சரும் கண்டுகொள்வதில்லை.

நேற்று உங்கள் தங்கை லலிதாம்பாள் வந்தாள். வழக்கம்போல நம் சௌராஷ்டிர பாஷையில் ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், அவளும் பரம சந்தோஷமாகப் போனாள். எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியவில்லை, நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. தமிழை உதட்டில் படிக்க வகுப்பில் பழகிவிட்டேன். நம் வீட்டுப் பேச்சைப் பழகவே இல்லை. யாரிடம் பழகுவது? நீங்கள் போனபின் இந்த வீட்டில் அதைப் பேச ஆளில்லை. ரம்யாவோ தமிழில்தான் பதில் சொல்கிறாள். காது கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே, குரலையும் உதட்டையும் சேர்த்துவைத்துப் பழகினால்தான் பிற்பாடு உதடு மட்டும் போதும் என்கிறார் டாக்டர்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னீர்கள். அதுவரை தாங்காது. இப்போதே லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் நின்று கூப்பிட வேண்டாம், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் என் எதிரே உட்கார்ந்து நம் பேச்சில் எதையாவது பேசிக்கொண்டே இருங்கள். திட்டினாலும் சரி.

தள்ளி வைத்த முதல் வரியை இப்போது எழுதிவிடுகிறேன். இங்கு நான் சுகமாக இல்லை.

கல்யாணமான நாள் முதல் உங்கள் மீசையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் அதை எவ்வளவு ஆசையாக வளர்த்தீர்கள் என்பதும் தெரியும். இந்த ஒரு முறை மட்டும் எனக்காக அதை எடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஹம்சவேணி