நாற்பத்தோராவது குழாய்

யோனெசாவா
6 பிப்ரவரி 1984

அன்புள்ள தமாகி,

கூரையிலிருந்து பனி சரிந்து விழும்போதெல்லாம் நான் திடுக்கிடுகிறேன், சிகுசா அசைவதில்லை. பிறந்து இருபத்திரண்டு நாள். பால் போதுமா, மூச்சு சீராக வருகிறதா, தூங்குகிறாளா மயங்கிக் கிடக்கிறாளா என்று மணிக்கு மூன்று முறை குனிந்து பார்க்கிறேன். "நீ பாக்கிற பார்வையிலேயே பிள்ள முழிச்சுக்கும்டி, சும்மா கெட" என்கிறாள் அம்மா. பால் ஊற வேண்டுமென்று தினமும் மிசோ சோயா விழுதில் கெண்டை மீன் கொதிக்கிறது. பாலை இறக்கும் ஹார்மோனைப் பற்றி அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். "அது சுரக்கவும் இந்த மீன்தான் வேணும்" என்றாள்.

வலி வந்தபோது நம் ஆய்வகத்தில் தொங்கும் எலிக் கருப்பைத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. ஹார்மோன் ஒரு சொட்டு பட்டதும் அது சுருங்கும், பேனா காகிதத்தில் மேலே ஏறும். என் பேனாவும் ஏறியது, போ!

அந்தப் பேனாக் கருவி பழுது நீங்கி வந்துவிட்டதா? பிரசவத்துக்கு இங்கே அம்மா வீட்டுக்குக் கிளம்புமுன் நான் பிரித்து வைத்த அறுபது குழாய்களைச் சோதித்தாயா? இரண்டு வருடம், மூவாயிரம் பன்றி மூளை. நாம் தேடும் புது ஹார்மோன் அவற்றில் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எதில் என்று மட்டும் எழுது.

பாதித் தூக்கத்தில்,
ஓரியே


மியாசாகி
13 பிப்ரவரி

ஓரியே அம்மாளுக்கு (இனி இப்படித்தான்),

சிகுசாவின் கன்னத்தை என் சார்பில் கிள்ளு. இங்கே பிளம் பூத்துவிட்டது. நல்ல செய்தி அவ்வளவுதான்.

அறுபதையும் இரண்டு முறை சோதித்தேன். பேனா அசையவில்லை. சுத்திகரிப்பின் முந்தின படிவரை பேனாவைத் துள்ளவைத்த பொருள் எங்கே போயிற்று? பேராசிரியர் குரோகி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியாத் தொட்டது ஓரியேதானே?" என்றார். பிறகு, "பிள்ள பெத்தவ திரும்பி வரவா போறா? ஏப்ரல்ல புதுசா ஒருத்தர் சேர்றார். அவ மேஜையக் குடுத்துடலாமா?" என்றார்.

"அவளையே கேக்கிறேன் ஐயா."

"மாசக் கடைசிக்குள்ள கேளு."

இதோ, உன்னைக் கேட்டுவிட்டேன். குழாய்களை இருபத்து நாலாம் தேதி கழுவப் போடச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என்ன செய்தாய் என்று நினைவிருந்தால் எழுது. திட்டமாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.

தமாகி


யோனெசாவா
17 பிப்ரவரி

தமாகி,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். நல்ல பொய் ஒன்றுகூடக் கிடைத்தது, பம்பு கெட்டிருந்தது என்று. உனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

அன்று கால் வீங்கியிருந்தது. பிளாஸ்டிக் குழாய் தீர்ந்துபோயிருந்தது. மாடியேறி எடுத்துவரத் தெம்பில்லாமல், கைக்கெட்டிய கண்ணாடிக் குழாய்களில் பிடித்தேன். உலர்த்தியபின் அமிலம் சேர்த்த நீரில் கரைக்க வேண்டியதை வெறும் நீரில் கரைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இத்தனை நாளில் எல்லாம் கெட்டுப்போயிருக்கும்.

ஆறு வருடம் இந்த வேலை பார்த்தவள் செய்கிற காரியமா? பேராசிரியரிடம் அப்படியே சொல். மேஜையையும் கொடுத்துவிடச் சொல். "நீ இல்லேன்னா பன்னிங்களாச்சும் நிம்மதியா இருக்கும்" என்று என் கணவர் தொலைபேசியில் சிரிக்கவைக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ஓரியே


மியாசாகி
23 பிப்ரவரி

அடி பைத்தியமே,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. கண்ணாடி, வெறும் நீர் என்று படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கெடவில்லையடி, சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! நான் சோதித்தது உள்ளே இருந்த தண்ணீரை மட்டும். நம் ஹார்மோன் மாதிரிப் பெப்டைடு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நாம்தானே பாடம் எடுப்போம்? அறுபதிலும் துளி அமிலம் விட்டுக் குலுக்கி மறுபடி சோதித்தேன். நாற்பதுவரை ஒன்றுமில்லை. நாற்பத்தொன்றில் பேனா ஏறி, காகிதத்தின் விளிம்பில் போய் முட்டி நின்றது.

பேராசிரியர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்பிடிக் கண்டுபிடிச்சே?"

"அவளே எழுதினா ஐயா. மறைச்சிருந்தா நாளைக்கு எல்லாத்தையும் கழுவியிருப்பேன்."

"மேஜை இருக்கட்டும்" என்றார். "ஆனா அவ வருவாளா?"

அதை நீதான் எழுத வேண்டும். இன்னொன்று. உன் நோட்டில் அந்தத் தேதியில், எந்தக் குழாய், எந்த நீர் என்ற இடம் காலியாக இருக்கிறது. நானே நிரப்பிவிடட்டுமா?

தமாகி


யோனெசாவா
26 பிப்ரவரி

அன்புள்ள தமாகி,

படித்துவிட்டு அழுதேன். "பன்னி மூளைக்கா இந்த அழுகை?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

பயம் போகவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் விட்டால் சிகுசா அழுவாளோ என்று ஒரு பயம். அழாமலே இருந்துவிடுவாளோ என்று இன்னொன்று. ஜூன் மாதம் இடம் தருகிறார்களாம், என் கணவர் போய்ப் பேசிவிட்டார். மாலை ஐந்துக்கு நான் கிளம்பிவிடுவேன், பேனா ஏறிக்கொண்டிருந்தாலும். பேராசிரியரிடம் இதே வார்த்தைகளில் சொல். முகத்தைச் சுளித்தால் எனக்கு எழுது. அவருக்கு நீளமாக ஒரு கடிதம் மனசுக்குள் தயாராக இருக்கிறது.

அந்த இடத்தை நீ நிரப்பாதே. தவறு செய்தவள் கையெழுத்தில்தான் அது இருக்க வேண்டும். ஜூன் நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை, நானே வந்து எழுதுகிறேன்.

ஓரியே