சுப்பையாவுக்குப் பாடிய பாட்டு

டார்னெய்ட், மெல்பர்ன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹம்சாவுக்கு அம்மா எழுதுவது. அப்பா சுகம். வீடு சுகம். நீயும் அந்தக் கடற்கரை ஊரில் சுகமாக இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனிடம் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உன்மேல் கோபம் என்பதற்காக அதை நிறுத்தவில்லை. என் சுகத்தை மட்டும் கேட்காதே. போனில் பேசினால் அம்மா ஒரு நிமிஷம் கேளேன் என்று குறுக்கே விழுந்து உன் நியாயத்தைப் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், நீ ஜெயித்துவிடுவாய். அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் போனை எடுக்காமல் இருந்துவிட்டு இப்போது காகிதத்தை எடுத்திருக்கிறேன். என் தம்பிக்காக நான் அழுத அழுகையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பாவை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார் அல்லவா, குளிருக்குப் பயந்து ஷாப்பிங் சென்டருக்குள்ளேயே சுற்றுகிறார், சுற்றிவிட்டு நேரே பேக்கரி முன்னால் போய் நிற்கிறார். கேட்டால் சும்மா வாசனை பிடிக்கத்தான் என்கிறார், சட்டையெல்லாம் பஃப்ஸ் துகள். கறிவேப்பிலைச் செடி இந்தப் பனியில் மொட்டையாகிவிட்டது, ஹீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அன்னம்மா அக்கா மகள் ஸ்ருதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நான் இன்னும் பார்க்கப் போகவில்லை. எங்கேயும் போகப் பிடிக்கவில்லை, போனால் அந்தப் பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள்.

நீ பெலீஸுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று மத்திய அமெரிக்காவில் அப்படி ஒரு நாடு இருப்பதுகூட எனக்குத் தெரியாது. கரிஃபுனா என்று ஒரு சனம் அம்மா, வெள்ளைக்காரன் அவர்களை அவர்களுடைய தீவிலிருந்து கப்பலில் ஏற்றி விரட்டிவிட்டான், போன இடத்திலும் பாஷையையும் பாட்டையும் மேளத்தையும் விடாமல் வைத்திருக்கிறார்கள், இப்போது அவர்கள் பிள்ளைகள் இங்கிலீஷிலேயே பேசுகிறார்கள், அதனால் டங்ரிகா என்ற ஊரில் பாட்டுகளைப் பதிவு செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையத்தில் எனக்கு வேலை என்றாய். இங்கே தமிழ் மன்றத்தில் ஆளாளுக்கு, ஐடி வேலையை விட்டுட்டு உங்க பொண்ணு அங்க என்ன ஆன்ட்டி பண்றா என்று கேட்டபோதெல்லாம் உனக்காக மல்லுக்கு நின்றவள் நான். உங்க பிள்ளைங்க கம்ப்யூட்டரத் தட்டுது, எம் பிள்ளை ஒரு சனத்தோட குரலக் காப்பாத்துது என்று டான்ஸ் டீச்சர் சத்தியபாமாவிடமே சொல்லியிருக்கிறேன். சொன்ன வாய் இப்போது வலிக்கிறது.

இங்கே ஒரு இசை விழாவில் பாட அந்தக் கரிஃபுனாப் பெண்கள் நாலு பேரை நீ கூட்டிவந்து நம் வீட்டிலேயே தங்க வைத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். அவர்களில் மூத்தவரான பெலிசிட்டா அக்கா அடுப்படிக்குள் வந்து வாழைக்காயை அவித்து இடித்து, தேங்காய்ப்பாலில் மீனைப் போட்டுக் கொதிக்க வைத்தாரே, நம்ம சொதிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு என்று அப்பா ரெண்டு தட்டு சாப்பிட்டார். அக்கா இடிப்பதைப் படமெடுக்கப் போனை நீட்டினேன், நீ என் கையைப் பிடித்துத் தடுத்தாய். கேட்டுட்டு எடும்மா, அவங்க என்ன காட்சிப் பொருளா என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் பிள்ளையை ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். பைத்தியக்காரி.

அப்புறம் அந்தக் காலை. தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது, தம்பி சுப்பையா போய்விட்டான் என்று. என் இடுப்பிலேயே வளர்ந்தவன், எனக்குக் கல்யாணமாகிப் புறப்படும்போது காரின் கதவை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடி வந்தவன். அப்பா ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை, விட்டுவிட்டு எப்படிப் பிளேன் ஏறுவது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிங்க் முன்னால் நின்றேன். பெலிசிட்டா அக்கா எதுவும் விசாரிக்கவில்லை. மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு ஹாலில் வரிசையாக நிறுத்தி, சுண்டு விரலோடு சுண்டு விரல் கோத்துக்கொண்டு, ஈரக் கையோடு என்னையும் நடுவில் இழுத்து நிறுத்தினார். தம்பி பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். மேளம் கிடையாது, ஒன்றும் கிடையாது, நாலு பேரும் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டு பாடினார்கள், இடையிடையே சுப்பாயா சுப்பாயா என்று அவன் பெயர் வந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. எங்கூடப் பொறந்தவனே, ஒம் மொகத்தப் பாக்காம போனேனே என்று நான் கதறியதை மெல்பர்னுக்கு வந்து இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. நீ மாடிப்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். என் பிள்ளையும் மாமனுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன் ஹம்சா. நீ மடியில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

போன மாதம் மன்றத்தின் ஆண்டு விழா ட்ருகனினா ஹாலில் நடந்தது. துக்கம் நடந்த வீடு, வரவில்லை என்றுதான் சொன்னேன், செயலாளர் கௌரிசங்கர் நேரில் வந்து, அக்கா நீங்கள் கட்டாயம் வரவேணும், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு என்று விடாமல் கூப்பிட்டார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சத்தியபாமாவின் டான்ஸ் பிள்ளைகள் ஜிகினா உடுப்பில் தட்டில் பூவோடு வந்தார்கள், வரவேற்பு நடனமாம். பெலிசிட்டா அக்காவின் குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அட நம்ம அக்கா என்று அப்பாவின் தோளைத் தட்டினேன். அடுத்து என் குரல் வந்தது. எங்கூடப் பொறந்தவனே. அதற்குக் கீழே டம் டம் என்று ஏதோ மேளத்தைச் சேர்த்து, நான் மூச்சு வாங்கிய இடத்தில் பிள்ளைகள் பூத் தூவினார்கள். பின்னாலிருந்து விசில். நம்ம டார்னெய்ட் பொண்ணு ஹம்சா உலகத்துக்குக் கொடுத்த ஃப்யூஷன் என்று மைக்கில் அறிவித்து, என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைகூப்பி வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய, பிள்ளைகள் நிற்கிறார்களே. கீழே இறங்கியதும் ஒரு பெண் ஓடி வந்து, ஆன்ட்டி அந்த ஹம்மிங் நீங்களா, கூஸ்பம்ப்ஸ் வந்திருச்சு என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா, பிள்ளை வேலைக்காகத்தானே செஞ்சா மீனா என்று ஆரம்பித்தார், அன்றைக்கு அவருக்கு ரசம்கூட வைக்கவில்லை.

கௌரிசங்கரைத் திட்டத்தான் முதலில் கூப்பிட்டேன். அந்த மனுஷன் பதறிப்போய்விட்டார். ஐயோ அக்கா, நான் களவெடுக்கேல்லை, ஹம்சாதான் அனுப்பினவ, எல்லாரிட்டையும் கேட்டாச்சு, தாராளமாப் போடுங்கோ எண்டு சொன்னவ என்றார். பிறகு உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. நான் ரெக்கார்ட் பண்ணினதுலயே பெஸ்ட் அதுதாம்மா, இத நாலு பேர் கேட்டாத்தான் அந்தப் பாட்டு வாழும், பெலிசிட்டா சம்மதிச்சாங்க, பாடின எல்லாரும் சம்மதிச்சாங்க என்றாய். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றதற்கு, ஒன்கிட்டக் கேக்கணும்னு தோணவே இல்லம்மா, நீ அம்மாதானே என்றாய். அதற்குப் பிறகுதான் நான் போனை எடுக்கவில்லை. முகம் தெரியாத கிழவி ஒரு தாலாட்டுப் பாடினால்கூட வீட்டு வாசலில் போய் நின்று கேட்பவள், பெற்றவள் நெஞ்சிலடித்து அழுததைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். திருடன் கொண்டுபோயிருந்தால் மனசு ஆறியிருக்கும், நீ கொண்டுபோனதுதான் ஆறவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் மெல்ல மறந்துகூட இருப்பேன். வியாழக்கிழமை பெலிசிட்டா அக்காவே கூப்பிட்டார், பேத்தியின் போனிலிருந்து. விழா வீடியோ எப்படியோ அவர் கைக்கும் போயிருக்கிறது. எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். பாட்டு என்னுடையது, அதை நான் கொடுத்தேன், அழுகை உன்னுடையது, அதை நான் எப்படிக் கொடுப்பேன், உன் அம்மா சம்மதித்தாளா என்று உன் மகளிடம் ரெண்டு தடவை கேட்டேன், ஆமாம் என்றாள், அதனால்தான் சரியென்றேன் என்றார். நீ கேட்கவே தோன்றவில்லை என்று என்னிடம் சொன்னாயே ஹம்சா. அக்கா ரெண்டு தடவை தோன்ற வைத்திருக்கிறார். நீ அவரிடமும் பொய் சொல்லி என்னிடமும் பொய் சொல்லியிருக்கிறாய். அப்புறம் அக்கா கேட்டார், மீனா, நீ சம்மதித்தாய்தானே என்று.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஊரில் ஒருத்திகூட உன் முன்னால் வாய் திறந்து பாடமாட்டாள், நீ மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆமாம் அக்கா, நான்தான் சொன்னேன் என்றுவிட்டேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்காக விரல் கோத்து நின்ற மனுஷியிடம் உனக்காகப் பொய் சொன்னேன். என் தம்பி சாவை நீ ஒரு தடவை கொடுத்தாய், நான் ஒரு தடவை கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை அப்பா படமெடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவார். படித்துவிட்டு எனக்குப் போன் போடாதே, மன்னிப்புக் கேட்டு மெசேஜும் வேண்டாம். எழுந்து பெலிசிட்டா அக்கா வீட்டுக்குப் போ. எங்க அம்மா சம்மதிக்கவில்லை, நான் பொய் சொன்னேன், என்னைக் காப்பாற்ற அவளும் பொய் சொன்னாள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் உன்னைத் திட்டட்டும், விரட்டட்டும், வேலை போனாலும் போகட்டும், இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது. அவர் வாயால் உனக்கு என்ன பதில் வருகிறதோ அதுதான் என் பதிலும். அந்த ஒலிப்பதிவை எங்கெங்கே வைத்திருக்கிறாயோ அங்கிருந்தெல்லாம் எடுத்துவிடு.

அங்கே புயல் காலம் என்று செய்தியில் காட்டினார்கள், குடிதண்ணீர் பிடித்து வை, கொசு வலை கட்டாமல் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. முருகன் உன் கூடவே இருப்பான், நீ நன்றாக இரு. அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றாது என்பதால் அந்தப் பெயரில் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
தூத்துக்குடி சுப்பையாவின் அக்கா,
மீனாம்பாள்