நாசி லெமாக் ரப்பர் பேண்ட்

மார்ச் 16, ஞாயிறு.

மலேசியாவின் ஜொகூர் திடலில் எங்கள் மாதிரி ராக்கெட் நன்றாகத்தான் ஏறியது. உச்சியில் பாராசூட் வெளியே வந்தும் விரியவில்லை. விழுந்து நொறுங்கிய இடத்துக்கு நான்தான் முதலில் ஓடினேன். கூட்டாளி பாரூக் மடித்துக் கொடுத்த பாராசூட்டில் ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. மடிப்பு கலையாமலிருக்க, காலையில் நான் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் பேண்டை நான்தான் அதில் சுற்றினேன். ராக்கெட்டுக்குள் திணிக்கும்முன் கழற்ற மறந்துவிட்டேன். அவன் வருவதற்குள் அதை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"நான் மடிச்சதுதான் தப்பு லா, சாரிடா." பஸ் சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வருவதற்குள் நான்கு முறை சொல்லிவிட்டான். நான்கு முறையும் "பரவால்லடா" என்று மன்னித்தேன்.

இறங்கும்போது, "அடுத்த தடவை நீயே மடிடா. நீதான் கவனமா செய்வே," என்றான்.

தலையாட்டினேன். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை.