பூங்கா பார்க்கப் போன புதுச் செருப்பு

மைசூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள நைனாவுக்கு, அம்முலு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இடுப்பு வலி தேவலையா? சாலவாக்கத்தில் மழை உண்டா? அத்தை தூங்கிய பிறகு இருட்டில் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

இன்று சாயங்காலம் அத்தை, "யுனிவர்சிட்டி பக்கம் தோட்டம், ஏரி எல்லாம் எவ்ளோ அழகா கீது, சும்மா நடந்துட்டு வரலாம் வா" என்றார்கள். சும்மா நடக்கப் பட்டுப் பாவாடையும் புதுச் செருப்பும் எதற்கு? கேட்டால் முறைக்கிறார்கள். மூங்கில் தோப்பு, பூந்தோட்டம், ஏரிக்கரை என்று ஒன்று விடாமல் சுற்றினோம். செருப்பு குதிகாலைக் கடித்துத் தோலை உரித்துவிட்டது. நான் பூவைப் பார்ப்பேனா, காலைப் பார்ப்பேனா?

ஏரிக்கரை பெஞ்சில் ஒரு குடும்பம் காத்திருந்தது. அதில் ஒரு அம்மாள், "அந்த மரம் வரைக்கும் நடந்து காட்டும்மா" என்றபோதுதான் இது பெண் பார்ப்பது என்று புரிந்தது. நொண்டிக்கொண்டே நடந்தேன். "பொண்ணுக்குக் கால் ஊனமா?" என்று எழுந்து போய்விட்டார்கள்.

"இன்னாடி, நொண்டிக்கினு வந்து மானத்த வாங்கிட்ட!" என்று வழியெல்லாம் அத்தையின் திட்டு.

நைனா, இது உங்களுக்குத் தெரியுமா? பத்தாவது முடிக்கட்டும் என்றுதானே இங்கே அனுப்பினீர்கள்? தீபாவளி கழித்து வேறு யாரோ வருகிறார்களாம். பயமாக இருக்கிறது. நீங்களே வந்து அத்தையிடம் பேசுங்கள். வரும்போது என் பழைய ரப்பர் செருப்பையும் கொஞ்சம் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவரவும்.

அத்தை இருமுகிறார்கள், நிறுத்துகிறேன். புண் ஆறினாலும் நீங்கள் வரும்வரை நொண்டிக்கொண்டுதான் இருப்பேன்.

உங்கள் மகள்
அம்முலு