மகாராணி வீட்டு ரத்தம்

ரங்கூன்
22 ஜனவரி 1922

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணனுக்கு, தங்கை அம்சவேணி வணங்கி எழுதுவது.

இங்கே நான், இவர், மாமியார், மங்கலம், தங்கவேலு எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அண்ணி சுகமும் தெரியவில்லை. வடிவேல் பள்ளிக்கூடம் போகிறானா, நாகப்பட்டினம் கடற்கரையில் நண்டு பிடிக்கிறானா என்றும் தெரியவில்லை. தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கயிற்றுக் கடையில் உங்களையே கட்டிப்போட்டுவிட்டார்களா?

இந்த மாதம் இங்கே வெள்ளைக்கார இளவரசர் வந்துபோனார். யாரும் பார்க்கப் போகக்கூடாது என்று காங்கிரஸ்காரர்கள் சொன்னார்கள். இவர் கேட்பாரா? ரயில்வே குமாஸ்தா, அதிலும் ராஜகுடும்பம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தங்கவேலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு பெரிய படத்தை வாங்கி வந்து முருகனுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். இளவரசருடைய கொள்ளுப்பாட்டி, காலமான பெரிய மகாராணி, நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள். "பாரு வேணி, இந்தப் பொண்ணு ருஷ்யா ராஜாவுக்குப் பொண்டாட்டியாச்சு. இது ஸ்பெயின் ராஜாவுக்கு. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, நம்மளைப்போலவே" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கவேலுவுக்கு மூன்றாவது வயது நடக்கிறது. சித்திரையில் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம். தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியாது, நீங்கள் வந்தே ஆகவேண்டும். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா செயின், "எங்களில் பெண்ணுக்குத்தானே காது குத்துவோம், உங்களுக்கு ஆண்பிள்ளைக்குமா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

எனக்கு ஒரு சின்னக் கவலை. பிள்ளைக்கு முட்டி தரையில் இடித்தாலே நீலம் பாரித்து வீங்கிவிடுகிறது. மாமியாரிடம் சொன்னேன். "மங்கலத்துக்குக் குத்தினப்போ ஒரு சொட்டோட நின்னுச்சே, ஒரே வயித்துப் பிள்ளைங்கதானே" என்கிறார். அதுவும் சரிதான்.

உங்கள் அன்புத் தங்கை,
அம்சவேணி


நாகப்பட்டினம்
19 பிப்ரவரி 1922

சௌபாக்கியவதி தங்கை அம்சவேணிக்கு அண்ணன் நல்லையா ஆசீர்வாதம்.

கோபிக்காதே. கடையில் வேலை அதிகம், எனக்குச் சோம்பல் அதைவிட அதிகம். உன் அண்ணி தினமும் திட்டினாள்.

மகாராணிக்கு அத்தனை பேரன்கள் என்றால் எல்லோருக்கும் காது குத்த எத்தனை மாமன் வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். நம் வீட்டு ராஜாவுக்கு நான் ஒருவன் போதும். கடுக்கனுக்குச் சொல்லிவிட்டேன், சிவப்புக் கல். பங்குனிக் கடைசியில் கப்பல் ஏறுகிறேன். உடம்பு நீலம் பாரிப்பதற்கெல்லாம் பயப்படாதே, சிவப்பாக இருக்கிற பிள்ளைக்கு எதுவும் பளிச்சென்று தெரியும்.

மங்கலம் எங்கள் வீட்டுப் பெண். அதையும் மாப்பிள்ளை காதில் இப்போதே போட்டுவை.

அண்ணன்,
நல்லையா


நாகப்பட்டினம்
28 மே 1922

அம்மா வேணி,

ஊர் வந்து சேர்ந்தேன். வந்த நாளிலிருந்து எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

நான் பிள்ளையின் தலையை அப்படிப் பிடித்திருக்கக்கூடாது. அவன் திமிறினான். ஆசாரி, "அசையாம புடிங்க மாமா, ஊசி கோணிக்கும்" என்றார். பிடித்தேன். ஊசி கோணியதா, என் பிடியால் உள்ளே ஏதாவது அறுந்ததா, எனக்குத் தெரியாது. மஞ்சள் வைத்தோம், சுண்ணாம்பு வைத்தோம், மா செயின் கொண்டுவந்த பச்சிலையை வைத்தோம். நிற்பதுபோல் நின்று மறுபடி கசிந்தது. தலையணை மாற்றி மாற்றிப் போட்டோம். கடைசி நாள் என்னைப் பார்த்து, "மாமா, கடுக்கன் வேணாம்" என்றான். அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை, வேணி.

உன் மாமியார் எல்லோர் முன்னாலும், "கையில சனி இருக்கறவன் மடியில கொண்டுபோய் உட்கார வச்சோமே" என்று மாரில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பேரனைப் பறிகொடுத்தவர் அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்?

இங்கேயும் செய்தி எனக்கு முன்னால் வந்து இறங்கியிருக்கிறது. பெரியப்பா வீட்டில் போன வாரம் காதுகுத்து. எனக்கு அழைப்பு இல்லை.

நீ சாப்பிடு. மங்கலத்துக்காகவாவது சாப்பிடு.

நல்லையா


ரங்கூன்
9 ஜூலை 1922

அண்ணே,

எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தேன். கடைசி நாள் தங்கவேலுவைப் பார்க்க வந்தாரே, அதே டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர், நன்றாகத் தமிழ் பேசுகிறவர். நாடி பார்த்துவிட்டு, "உங்க அம்மா வழியில ஆம்பிளைப் பிள்ளை யாராவது ரத்தம் நிக்காம போயிருக்காங்களா?" என்று கேட்டார்.

நம் முத்துவைச் சொன்னேன். பால் பல்லைப் பிடுங்கி, வாயெல்லாம் ரத்தமாகி, முனி அடித்தது என்று வேப்பிலை அடித்தார்களே, அந்தத் தம்பியைச் சொன்னேன். அம்மாவுடன் பிறந்த ஒருவர் சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்து போனதையும் சொன்னேன்.

டாக்டரம்மா எழுந்துபோய் இவருடைய படத்துக்கு முன்னால் நின்றார். "இந்த வீட்டு வியாதிதான்மா உங்க வீட்டு வியாதியும்" என்றார். அண்ணே, எனக்கு முதலில் புரியவில்லை. மகாராணியைத் தொட்டுக் காட்டினார். இந்த அம்மா நன்றாகத்தான் இருந்தார், ஆனால் அவருடைய ஒரு மகன் சின்ன அடிபட்டு ரத்தம் கசிந்தே இறந்தார் என்றார். ருஷ்யாவுக்குப் போன பேத்தியைக் காட்டினார். அவளுடைய ஒரே மகன் விழுந்துவிடக்கூடாது என்று கப்பற்படை ஆட்கள் இருவர் கூடவே திரிந்தார்களாம். பிறகு புரட்சியில் அந்தக் குடும்பத்தையே சுட்டுக் கொன்றுவிட்டார்கள், அது வேறு துக்கம். ஸ்பெயினுக்குப் போன பேத்தியின் பிள்ளைகளுக்கும் உண்டு என்கிறார்கள். பெண்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாதாம். அவள் வயிற்றில் பிறக்கிற ஆண்பிள்ளைகளில் சிலருக்கு வருமாம். பெண்பிள்ளைகளில் சிலர் அதை அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்களாம். உங்களைப்போல் தப்பித்த ஆணோடு அது தீர்ந்துவிடுமாம்.

உங்கள் கை இல்லை, அண்ணே. யார் பிடித்திருந்தாலும், எந்த ஊசியானாலும் இதுதான் நடந்திருக்கும். என் ரத்தம். நான்தான் என் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

இதை ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும். சொல்ல முடியவில்லை. மாமியார் இவருக்கு வேறு பெண் பார்ப்பார், அதுகூடப் போகட்டும். மங்கலத்தை யார் கட்டுவார்கள்? அவளிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல வழி இல்லை என்கிறார் டாக்டரம்மா. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். இவரிடமும் நான் சொல்லவில்லை.

இந்தப் பழி உங்கள் மேலேயே இருக்கட்டுமா, அண்ணே? கேட்கிற என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் கேட்கிறேன்.

அம்சவேணி


நாகப்பட்டினம்
6 ஆகஸ்ட் 1922

வேணி,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கடைக்குப் பின்னால் போய் அழுதேன். பிள்ளையை நான் கொல்லவில்லை. இது எனக்குத் தெரிந்தால் போதும்.

பழி இருக்கட்டும். எனக்கு இனி யார் மடியும் வேண்டாம், யார் வீட்டுப் பந்தலும் வேண்டாம். நீ வாயைத் திறக்காதே. நானும் திறக்கமாட்டேன்.

நல்லையா


நாகப்பட்டினம்
11 நவம்பர் 1928

தங்கை அம்சவேணிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

ஆறு வருஷமாக நானாக எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

த்வாண்டேயில் நெல் வியாபாரம் செய்கிற அப்பாசாமி என்பவர் வீட்டில் மங்கலத்துக்குப் பேச்சு நடப்பதாக, கப்பலில் வந்த ஒருவர் சொன்னார். உண்மையா? என் மருமகள் கல்யாணப் பேச்சை ஊரான் சொல்லித்தான் நான் கேட்கவேண்டுமா? சரி, அந்த வருத்தத்தைத் தள்ளு.

பெரிய மகாராணி பேத்திகளைத் தேசம் தேசமாகக் கட்டிக்கொடுத்தாள். என்ன கொடுத்தனுப்புகிறோம் என்று அவளுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரியும், வேணி. தெரிந்தே ஒரு வீட்டில் கொண்டுபோய் விடலாமா?

வடிவேல் இப்போது துறைமுகத்தில் வேலையாக இருக்கிறான். அவனிடமும் உன் அண்ணியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, "தெரிஞ்ச வீட்டுக்கு வந்தா, பொறக்கறதைப் பஞ்சுல வச்சாவது வளர்ப்போம். தெரியாத வீட்ல குத்திக் கொன்னுடுவாங்க" என்றாள். வடிவேலுக்கும் சம்மதம்.

ஆனால் என் வீட்டில் பெண் கொடுக்க மாப்பிள்ளை சம்மதிக்க வேண்டுமானால் அவருக்கு உண்மை தெரிய வேண்டும். சொல்லிவிடு. பேரைக் காப்பாற்ற இத்தனை வருஷம் பட்டது போதும், பெண்ணைக் காப்பாற்று.

அண்ணன்,
நல்லையா


ரங்கூன்
6 ஜனவரி 1929

அண்ணே,

உங்கள் கடிதத்தை மடியில் முடிந்துகொண்டு எத்தனையோ நாள் திரிந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இவர் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். முத்துவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எனக்குப் பிள்ளை போன அன்னைக்கே தெரியும்" என்றார். "டாக்டரம்மா உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டதான் சொன்னாங்க."

"தெரிஞ்சா எங்க அண்ணன் மேல பழி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"யார் மேலயாவது போடணும்ல? உன் மேல போட்டா பொண்ணு மேலயும் விழும். உங்க அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கார்."

"அப்பாசாமி வீட்லயாவது சொல்லிடலாம்."

"ராஜா வீட்ல சொல்லியா கட்டுனாங்க?" என்றார்.

வடிவேலைப் பற்றியும் பேசினேன். கையில் சனி என்று விரட்டிய மாமன் வீட்டிலேயே பெண்ணைக் கொடுத்தால், இத்தனை வருஷம் சொன்னது என்ன என்று ஊர் கேட்கும் என்கிறார். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருவரும் ஒரே விஷயத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கிறோம், அண்ணே. அவரை வெறுக்கவும் முடியவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்?

மார்கழி என்றும் பாராமல் மறுநாளே த்வாண்டே போய் நிச்சயம் செய்துவிட்டு வந்தார். பங்குனியில் கல்யாணம். நீங்கள் வரக்கூடாதாம். மாமன் சீரும் அனுப்பக்கூடாதாம். இதை எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

மங்கலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ மாமா கை இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது வயதிலிருந்து உங்களைத் திட்டியே வளர்ந்த பெண். அன்று சாப்பிடவில்லை.

அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் அந்த வீட்டில் மூன்றாவது வயதில் குத்தாமல் விடமாட்டார்கள். நான் என்ன சொல்லித் தடுப்பேன்? வாயைத் திறந்தால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். திறக்காவிட்டால் பிள்ளை போகும். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அம்சவேணி


நாகப்பட்டினம்
3 பிப்ரவரி 1929

அம்மா வேணி,

மாப்பிள்ளைக்குத் தெரியும் என்று படித்தபோது, காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கப்பல் ஏறி வந்து அவர் சட்டையைப் பிடிக்கலாமா என்று தோன்றியது. பிடித்தால் மங்கலம் கெடுவாள். எனவே உட்கார்ந்துகொண்டேன்.

நீ செய்வது தப்பு. இதை நான் எழுதாமல் விட்டால் நான் அண்ணன் இல்லை. ஆனால் நிச்சயம் ஆகிவிட்டது. இனி பிறக்கப்போகிறவனைப் பார்ப்போம்.

வியாதி என்று சொன்னால் பெண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். சாபம் என்று சொன்னால் அனுப்பமாட்டார்கள், பயப்படுவார்கள். சீர் மறுக்கப்பட்ட மாமனின் சாபத்துக்கு நம் ஆட்கள் யமனுக்குப் பயப்படுவதைவிட அதிகம் பயப்படுவார்கள். அதிலும் என் கைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்.

இதோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். தாலி ஏறிய பிறகு, அப்பாசாமி வீட்டார் எல்லோரும் இருக்கும்போது, யாரையாவது விட்டு உரக்கப் படிக்கச் சொல். முன்னால் படித்தால் கல்யாணம் நின்றுவிடும். கேட்டதும் நீ அழு. என்னைத் திட்டு. மங்கலத்தையும் திட்டச் சொல், அவளுக்குப் பழக்கம்தானே. அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல், மாமாவுக்கு அவள் மேல் கோபமே கிடையாது, ஆண்டாளும் நானும் அன்று இங்கே விளக்கேற்றி வைத்துச் சாப்பிடாமல் இருப்போம் என்று.

அதன் பிறகு நீ எனக்கு எழுதக்கூடாது. சபித்தவனுக்கு யார் கடிதம் போடுவார்கள்? நானும் எழுதமாட்டேன். உன் கையெழுத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கஷ்டம்தான், வேணி. ரொம்பக் கஷ்டம்.

இந்தக் காகிதத்தை இப்போதே அடுப்பில் போடு.

அண்ணன்


நாகப்பட்டினம்
பங்குனி மாதம், 1929

ரங்கூன் ரயில்வே ஆபீஸ் சபாபதிக்கும் அவன் பெண்சாதி அம்சவேணிக்கும்.

தாய்மாமன் நான் உயிரோடு இருக்க, என்னை அழைக்காமல், என் சீரைத் தொடாமல் என் மருமகள் கழுத்தில் தாலி ஏற்றினீர்கள். என்னை மானம் கெடுத்தீர்கள். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மங்கலத்தின் வயிற்றில் பிறக்கும் ஆண்பிள்ளையின் காதில் என் மடியில் வைத்தல்லாமல் ஊசி பட்டால், தலையில் கத்தி பட்டால், பல்லைப் பிடுங்கினால், அந்த வீட்டில் விளக்கெரியாது. அவள் பெண்களின் வயிற்றில் பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் இதுவே. நான் செத்தாலும் இது சாகாது. ஏற்கெனவே ஒரு பிள்ளை என் மடியிலிருந்து எப்படிப் போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எனக்குத் தங்கை கிடையாது.

பெண்ணின் தாய்மாமன்,
நல்லையா