நொட்டாங்கைக்கு ஒரு யுகுலேலே

அண்ணே,

இன்று காலை பதுளைக் கடைவீதியில் அந்த வாத்தியக் கடைப் படியேறினேன். வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாதென்பார்கள். வருகிறதே, நான் என்ன செய்ய?

உன் மகள் மல்லிகாவை முதன்முதலில் இதே கடைக்குக் கூட்டிவந்தவள் நான். அப்போது அவளுக்கு எட்டு வயது. தீபாவளிக்குத் துணி எடுக்கத் தோட்டத்திலிருந்து இறங்கிய நாள். பிஸ்கட் டின்னில் ரப்பர் வளையங்களை மாட்டி நம் லயத்து வீடுகளே அதிரத் தட்டிக்கொண்டிருப்பாளே, அந்தச் சத்தம் தாங்காமல் நீதான், "எதையாச்சும் உருப்படியா வாங்கிக் குடு தாயி, காது போவுது" என்றாய். ஆமாம், நீயேதான் சொன்னாய்.

கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், குட்டிக் கித்தார் மாதிரி நாலைந்து யுகுலேலேக்களை எடுத்துப் போட்டார். பூ வரைந்து பளபளத்த ஒன்றின்மேல்தான் என் கண். அவர் அதைத் தள்ளிவைத்தார். "அது பார்வைக்குத்தான் தங்கச்சி. புள்ளட வெரலுக்கு நைலான் கம்பிதான் நல்லம். அழுத்திப் பாருங்க, எது லேசா அமுங்குதோ அத எடுங்க" என்றார். மல்லிகா ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். இடது கை கம்பியைத் தட்டியது, வலது கை கழுத்தைப் பிடித்திருந்தது. நானா சிரித்தார். "எடது கைப் புள்ளயா? அதுக்கென்ன, கம்பிய மாத்திப் போட்டாச் சரி" என்று அங்கேயே நான்கு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். நீ கேட்கவே இல்லை. அவள் கையைத்தான் பார்த்தாய். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் நீ வாசலில் உட்கார்ந்து கம்பிகளைக் கழற்றி, வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாய்.

"என்னாண்ணே இது?"

"பொட்டப் புள்ள. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவங்களுக்கு நொட்டாங்கையிலயா தண்ணி குடுப்பா? நீ சும்மா இரு."

அடப்பாவி! நீயும் நொட்டாங்கைக்காரன்தானே? சோறு தின்னும்போது அப்பா உன் இடது கையைத் துண்டால் முதுகுப்பக்கம் கட்டிவைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் எல்லாரையும்போல வலது கையில் கத்தியைப் பிடித்து, தேயிலைச் செடிக்குப் பதில் உன் முழங்காலை வெட்டிக்கொண்டாய். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. வலி என்னவென்று தெரிந்தவன் நீ. தெரிந்தும் செய்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மல்லிகா அழவில்லை. கொஞ்ச நாள் வலது கையால் தட்டிப் பார்த்துவிட்டு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். "பாத்தியா, புள்ளைக்கு ஆசை போயிருச்சு" என்றாய். தானாகவா போனது?

கடைசியில் வாதம் வந்து உன் வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. கரண்டியை அதில் வைத்தால் தூக்கிப் போட்டாய். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன் என்ற வீம்பு! கல்யாணமாகித் தெமோதரையில் இருந்த மல்லிகா ஓடி வந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், இடது கையால். வேண்டுமென்றேதான். நீ அவள் முகத்தையே பார்த்தாய். பிறகு வாயைத் திறந்தாய். அன்றைக்காவது பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வாய் குழறினாலும் தண்ணீர் கேட்டாய், பீடி கேட்டாய். அதை மட்டும் சொல்லவில்லை.

இன்று அவள் தன் மகளுக்கு வாங்க வந்தாள். நானாவின் மகன்தான் இப்போது கடையில். சின்னவள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்தாள். அவளுக்கு வலது கைதான். பணம் கொடுக்கப் போன என் கையை மல்லிகா பிடித்தாள்.

"இன்னொண்ணு எடுங்க அத்தே."

"யாருக்குடி?"

"எனக்குத்தான்." கடைக்காரரிடம் திரும்பினாள். "இதுக்கு மட்டும் கம்பிய மாத்திப் போட்டுக் குடுங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தாயும் மகளும் அபசுரமாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். உன்மேலுள்ள கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். பக்கத்தில் நீ உட்கார்ந்து, காது போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் அண்ணே, என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய்.