எடுத்துக்கொண்ட அறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டேன். உன் உடம்பையும் உன் வேலையையும் அவர் காக்கும்படி ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார், எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

எங்கள் மெதடிஸ்ட் சமூக நீதிக் குழுவின் தொடக்க விழாப் படத்தை உன் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கெல்லாம் காட்டியதாகச் சொன்னாயே, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். ரிப்பன் கட்டிய கதவுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் ஒரு சீப்பு செருகியிருக்கும். அது மணிக்காரம்மாவின் சீப்பு. நாங்கள் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அவள் வீட்டு வாசலில்.

அவள் புருஷன் ஆலய மணி அடித்தவர், போன வருஷம் இறந்துபோனார், உனக்குத் தெரியும். இப்போது மணிச்சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. அவள் மட்டும் ஆலயத்தின் பின்கட்டில் அந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு, ஆலயத்தைப் பெருக்கி, பீடத்துத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மணியடிக்கிறவருக்குக் கொடுத்த அறை, மணியே இல்லாதபோது எதற்கு என்று கமிட்டியில் முணுமுணுப்பு. நான் உன்னிடம் புலம்பியபோது, சும்மா பேசிக்கிட்டே இருக்காம எதையாவது ஆரம்பிங்கம்மா என்றாய். இந்தக் குழுவை ஆரம்பித்தேன். பெயரில் நீதி என்ற சொல் வேண்டாம், இரக்கம் என்று வைத்தால் மெத்தென்று இருக்கும் என்றார்கள். அதற்கு மட்டும் மூன்று கூட்டம் சண்டை போட்டு ஜெயித்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் எழுந்து, "முதல் வேலையா பின்னாடி இருக்கிற அந்த ரூமை எடுத்துக்குவோம்" என்றேன். அவள் பிரச்சினையைக் கையில் எடுப்போம் என்றுதான் சொன்னேன், பாப்பா. எல்லோரும் கை தூக்கினார்கள். உன் அப்பாவும் தூக்கினார். நம் சபை இவ்வளவு நல்ல சபையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விழா அன்று ஆராதனை முடிந்ததும் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவள் கதவில் குழுவின் ஆபீஸ் என்று பெயர்ப் பலகை. அவள் பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டையாகச் சுவரோரம். நான் விழித்துக்கொண்டு நிற்க, செயலாளர், அதுதான் கையில் மைக் கிடைத்தால் விடாத நம் மைக் மாமா, கத்தரிக்கோலை என் கையில் வைத்து, "நீங்கதானே ரூமை எடுத்துக்கலாம்னு சொன்னீங்க, சபையே எடுத்துக் கொடுத்திருக்கு" என்று சிரித்தார். புரியாமல் செய்தார்களா, நன்றாகப் புரிந்தே செய்தார்களா, எனக்கு இன்னும் தெரியவில்லை. போதகர் ஜெபித்தார். நான் வெட்டினேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தும் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டால், எல்லாரும் தூக்குனாங்க, நானும் தூக்குனேன் என்கிறார்.

சாயங்காலம் அவளைத் தேடிப் போய், எங்கள் வீட்டில் பாப்பாவின் அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடு, இனி உன் விஷயத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நீங்க எடுத்துக்கிட்டது போதும்மா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே தங்கை மருமகனின் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். உன் கட்டிலில் நான் விரித்த போர்வை விரித்தபடியே கிடக்கிறது. இதில் இன்னொன்று, ஆபீஸையும் சேர்த்துப் பெருக்கச் சொல்லியிருக்கிறார்களாம், தினமும் காலையில் பஸ் ஏறி வந்து தன் அறையைத் தானே பெருக்கிவிட்டுப் போகிறாள்.

குழுத் தலைவி என்பதால் அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் குழுவின் முதல் கூட்டம். கதவைத் திறக்க மாட்டேன், வெளியே நின்றே பேசுவேன். இந்தத் தடவை எடுத்துக்குவோம் என்று வாய் தவறாது, திருப்பிக் கொடுங்கள் என்பேன். எத்தனை கை எழும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தோள்வலி வந்துவிடும், பாரேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்தப் படத்தை இனி யாருக்கும் காட்டாதே, ஆனால் அழித்தும்விடாதே. சீப்பு அதில்தான் இருக்கிறது.

உன் அம்மா